கடைசி சீட் எழுதிய பின்னூட்டம்

தம்பி,

ஞாயித்துக்கிழமை நீ போன்ல கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாம, லைன் சரியில்லன்னு சொல்லி வெச்சிட்டேன். லைன் நல்லாத்தான் இருந்துச்சு. உங்கம்மா அடுப்படியில நின்னுக்கிட்டு இந்தப் பக்கமே காதக் குடுத்துக்கிட்டிருந்தா. அவ முன்னாடி சொல்லக்கூடிய பதிலா அது இல்ல. அதனாலதான் நீ ஹாஸ்டல்ல இருந்த காலத்துக்கப்புறம் முதல் தடவையா உனக்குக் கடுதாசி எழுத உக்காந்திருக்கேன். இத முழுசா படிச்சி முடிச்சிட்டு அப்புறம் சிரி. படிக்கும்போதே சிரிச்சீன்னா எனக்குத் தெரிஞ்சிடும்னு வெச்சிக்க.

அடுத்த மாசம் நீ பிளேன் ஏறப் போறே. அதுக்கு முன்னாடி சிதம்பரத்துல உன் புத்தகம் வெளியாவுது. இத்தனை வருஷமா இன்டர்நெட்ல 'சில்லறை இல்லை'ன்னு பேரு வெச்சி எழுதி, எந்தெந்த நாட்டுலயோ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஜனங்க சிரிச்ச கதையெல்லாம் இப்ப அட்டை போட்டு வருது. சந்தோஷம். "அப்பா, மாமா பஸ்லேர்ந்து எறங்கின கதைதான் எல்லாத்தயும் விட ஜாஸ்தி பேரு படிச்சது. அதப் போடலாமா? நீங்க வேணாம்னா எடுத்துடறேன்"னு கேட்டே. அந்த மாமா, உங்கம்மாவோட கூடப் பொறந்த ஒரே தம்பி. பல வருஷம் நம்ம வாசப்படியே மிதிக்காம இருந்துட்டு, போன வருஷம் பொங்கலுக்குத்தான் வந்து கை நனைச்சான். அச்சுல வர்ற ஒரு வரியால அவன் மறுபடியும் வராம போயிட்டான்னா, நீ வெளிநாட்டுல இருப்பே, நான் இங்க உங்கம்மா மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். அதனால உன் கேள்விக்கு ஆமா, இல்லன்னு ஒரு வார்த்தையில சொல்லிட முடியல.

நான் சந்தேகப் பிராணின்னு நீ உலகத்துக்கே எழுதிட்டே. தேங்காய ஆட்டிப் பாத்து வாங்கினப்புறம் கடைக்காரன் மாத்திட்டானோன்னு தெருமுனையில நின்னு மறுபடி ஆட்டிப் பாக்கறேன்னு எழுதினே. உன் தங்கச்சியப் பொண்ணு பாக்க வந்தவங்க செருப்பப் பாத்து எத்தனை பேரு சொந்தக் கார்ல வந்தாங்க, எத்தனை பேரு பஸ்ல வந்தாங்கன்னு சொன்னேன்னு எழுதினே. எல்லாம் நெசம்தான். ஆனா அது கூடப் பொறந்த குணம் இல்லப்பா, பாத்த வேலை. கண்டக்டரா சேந்து செக்கிங் இன்ஸ்பெக்டரா ரிட்டையர் ஆனவன் நான். கடலூர் சிதம்பரம் ரோட்ல எந்த எடத்துல கையக் காட்டி ஏறுவேன்னு எந்த டிரைவருக்கும் தெரியாது. சொல்லிட்டு ஏறினா அது செக்கிங்கே இல்ல. ஏறினதும் டிக்கெட்டப் பாக்க மாட்டேன், ஆளப் பாப்பேன். அதுவரைக்கும் கதை பேசிக்கிட்டு வந்துட்டு என்னப் பாத்ததும் தூங்கறவன், திடீர்னு சவுக்குத் தோப்ப வேடிக்கை பாக்கறவன், சட்டைப் பையவே தடவிக்கிட்டிருக்கறவன். அவன் கிட்டப் போயி, "எங்க ஏறினீங்க?"ன்னு மரியாதையா ஒரு கேள்வி கேப்பேன். டிக்கெட் இல்லாதவன் பதட்டத்துல, அந்த பஸ் நிக்கவே நிக்காத ஸ்டாப்பத்தான் சொல்லுவான். எத்தனையோ பேர அப்படித்தான் புடிச்சிருக்கேன். இத ஞாபகத்துல வெச்சிக்க, பின்னாடி வேணும்.

2004ல உன் தங்கச்சிக்கு மஞ்சள் நீராட்டு வெச்சோமே, அன்னைக்கு நடந்தது உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். நீ அப்ப வாசல்ல வாழைமரம் கட்டிக்கிட்டிருந்தே. விழா சாயங்காலம்தானேன்னு நான் மதியம் வரைக்கும் டியூட்டி பாக்கப் போனேன். உங்கம்மா வேணாம்னுதான் சொன்னா. உங்க தனசேகர் மாமா, அண்ணாகிராமத்துலேர்ந்து நேரா வராம, மாமியார் ஊரான சிதம்பரத்துக்குப் போயி பட்டுப்பாவாடை, கொலுசு, பூ, பழம்னு தாய்மாமன் சீருக்கு வேண்டியதெல்லாம் வாங்கிக்கிட்டு பஸ்ல வந்துக்கிட்டிருந்தான். முன்சீட்ல மடியில தாம்பாளத்தோட உக்காந்திருந்தான். புதுச்சத்திரம் தாண்டி நான் அந்த பஸ்ல ஏறினேன். என்னப் பாத்ததும் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். "தோ பாருங்க, எங்க மாமா"ன்னு பக்கத்து சீட்டுக்காரங்க கிட்டச் சொன்னான். அவன் கிட்ட டிக்கெட் இல்ல.

நடந்தது என்னன்னா, செக்கரோட மச்சான், அக்கா பொண்ணுக்கு சீர் கொண்டு போறான்னு தெரிஞ்சதும் கண்டக்டர் மரியாதைக்கு டிக்கெட் குடுக்காம விட்டுட்டான். மாமா காச நீட்டியிருக்கான், "உங்க கிட்டப் போயி வாங்குவேனாண்ணே"ன்னு அவன் கையத் தள்ளிட்டான். இது பின்னாடி அந்தக் கண்டக்டரே எங்கிட்ட ஒத்துக்கிட்டது. ஆனா பஸ்ல நான் கேட்டப்ப உங்க மாமா, "கண்டக்டர் மேல ரிப்போர்ட் எழுதாதீங்க மாமா, நான்தான் டிக்கெட் வேணாம்னேன்"னுட்டான். அப்ப அபராதம் கட்டுன்னேன். "கட்டறது ஒண்ணும் பெருசில்ல. சீர்த்தட்ட மடியில வெச்சிக்கிட்டு இத்தனை பேரு முன்னாடி திருடனா நின்னு கட்ட மாட்டேன்"னான். பஸ் முழுக்க என்னையே பாக்குது. மச்சான்னு விட்டுட்டான்னு நாளைக்கு ஒரு பய சொல்லிடக் கூடாதுன்னு ஒரு வீம்பு எனக்கு. "அப்ப எறங்கு"ன்னுட்டேன். காரைக்காட்டுல எறங்கினான். விசில் குடுக்கச் சொன்னதும் நான்தான்.

அவன் அடுத்த பஸ்ல ஏறல. கோவத்துல, வெயில்ல, தாம்பாளத்தத் தூக்கிக்கிட்டு திருப்பாதிரிப்புலியூர் வரைக்கும் நடந்தே வந்தான். வந்து, சீர வாசல்லயே குடுத்து, உன் தங்கச்சி தலையில கைய வெச்சி ஆசீர்வாதம் பண்ணிட்டு, தண்ணி கூடக் குடிக்காம திரும்பிட்டான். எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. உங்கம்மாவும் ரொம்ப நாளு பேசல. சோறு போட்டா, கொழம்பு ஊத்தினா, அவ்வளவுதான். எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. அத யாருகிட்டயும் காட்டிக்கல. நான் செஞ்சது சட்டப்படி சரின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன்.

அப்புறம் நான் ரிட்டையர் ஆவறதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி, டிப்போ கேன்டீன்ல ஒரு மாறுதல் தெரிஞ்சிது. நான் உள்ள போனா சிரிப்பு டக்குன்னு நின்னுடும். டீ கிளாஸ வெச்சிட்டு ஒவ்வொருத்தனா நழுவுவான். ஒரு நாள் டைம் கீப்பரப் புடிச்சி நிறுத்தினேன். அவரு தயங்கித் தயங்கி, "இன்டர்நெட்ல எவனோ ஒருத்தன் ஒரு செக்கரப் பத்தி கதை கதையா எழுதறான். படிச்சா அச்சு அசலா உங்கள மாதிரியே இருக்கு"ன்னு ரெண்டு தாளு குடுத்தாரு. பேரு இல்ல, ஊரு இல்ல. படிச்சேன், ஒடம்பெல்லாம் எரிஞ்சிது. தேங்கா, செருப்பு, எல்லாம் இருந்துச்சு. டிப்போக்காரன் எவனோதான் எழுதறான்னு முடிவு பண்ணிட்டேன். கொஞ்சம் படிச்சவனா தெரிஞ்ச ஒரு கண்டக்டர் மேல சந்தேகம் வந்து, அவன லீவ் லெட்டர் எழுதச் சொல்லி, எழுத்து நடை ஒத்துப்போவுதான்னு பாத்தேன். பாவம், காய்ச்சல்னு எழுதவே அவனுக்கு வேர்த்துக் கொட்டிச்சி. அவன் இல்லன்னு விட்டுட்டேன்.

விடற ஆளா நான்? திருப்பாதிரிப்புலியூர் மார்க்கெட் பக்கத்துல இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போனேன். உள்ள நுழையும்போதே அங்க இருந்த பொண்ணு பேரு, அட்ரஸ், அடையாள அட்டைன்னு கேட்டுச்சி. நான் ஆளத் தேடி வந்தா, இது என்ன நம்மளயே செக்கிங் பண்ணுதுன்னு எனக்கு அதுவே ஒரு சந்தேகம். எப்படியோ எழுதிக் குடுத்துட்டு, பிளைவுட் தடுப்புக்குள்ள உக்காந்து, நீ எழுதினத ஒண்ணொண்ணா அந்தப் பொண்ணு தொறந்து குடுக்கக் குடுக்கப் படிச்சேன். ஒரு எடத்துல நின்னுட்டேன். செக்கர் ரெண்டு அலாரம் வெப்பாராம், ஒண்ண நம்பாம இன்னொண்ணு. ரெண்டும் ஒழுங்கா அடிக்குதான்னு பாக்க, அதுக்கு முன்னாடியே எழுந்து, ரெண்டையும் எதிர்ல வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பாராம். தம்பி, அது டிப்போக்காரன் எவனுக்கும் தெரியாது. அந்த ரூம்ல பாய் போட்டுப் படுத்திருந்தவனுக்குத்தான் தெரியும். அந்தப் பொண்ணு, "சார், ஏசி கொறைக்கவா?"ன்னு கேட்டுச்சி. என் மொகம் எப்படிப் போச்சோ தெரியல.

அந்தத் தீவாளிக்கு நீ பெங்களூர்லேர்ந்து வந்து எனக்கு எதிர்லயே உக்காந்து இட்லி சாப்பிட்டே. நானும் ஒண்ணும் கேக்கல, நீயும் ஒண்ணும் சொல்லல. சந்தேகம் வந்ததும் புடிக்கக் கூடாது. கொஞ்ச தூரம் கூடவே போயி, எங்க எறங்கறான்னு பாக்கணும். அப்படி உன் பின்னாடியே வந்தவன்தான், சொல்லிடறேன், 'கடைசி சீட்'.

ஆமா. நீ பதிவு போட்டா மறுநாளே வந்து குத்தம் சொல்லுவாரே ஒரு பெரியவரு, உன் வாசகருங்க எல்லாம் "ஐயா வந்துட்டாருய்யா, இனிமே சூடு பறக்கும்"னு எழுதுவாங்களே, அது நான்தான். இங்கிலீஷ் எழுத்துல தட்டினா தமிழ்ல வர்ற வித்தைய அந்த சென்டர் பொண்ணுதான் சொல்லிக் குடுத்துச்சி. என்ன பேர்ல போடறது சார்னு கேட்டப்ப, பஸ்ல எல்லாரையும் பாக்கலாம், நம்மள யாரும் பாக்க முடியாத எடம் எதுன்னு யோசிச்சேன். "சிதம்பரத்திலிருந்து காலையில் கிளம்பும் அந்த வண்டி புவனகிரி வழியாகப் போகாது. ஆசிரியர் சரிபார்க்கவும்." இதுதான் நான் எழுதின முதல் பின்னூட்டம். நீ, "நன்றி ஐயா, திருத்திட்டேன்"னு பதில் போட்டே. அத எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியாது. வீட்ல நான் எதச் சொன்னாலும், "உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா"ன்னு எந்திரிச்சிப் போற பிள்ளை, அங்க என்ன ஐயான்னு கூப்பிட்டுத் திருத்திக்கிச்சி. ஒளிச்சி வெக்க என்ன இருக்கு, நேர்ல உங்கிட்டப் பேசினத விட அதுல ஜாஸ்தி பேசியிருக்கேன். எனக்கு அது புடிச்சிருந்துச்சு.

அப்புறம்தான் அந்த மாமா கதைய எழுதினே. நல்லாத்தான் எழுதியிருந்தே. ஆனா கடைசியில என்ன பண்ணே? மாமா காரைக்காட்டுல எறங்கினதும், செக்கர் அடுத்த ஸ்டாப்லயே எறங்கி ஓடி வந்து, மாமாவுக்குப் பின்னாடியே நடக்கறாருன்னு எழுதினே. முன்னாடி தாம்பாளத்தோட மாமா, பின்னாடி அபராத புக்கோட செக்கர். மாமா நின்னா செக்கரும் நிக்கறாரு, மாமா நடந்தா செக்கரும் நடக்கறாரு. ஒரு பஸ் வந்து நின்னு ரெண்டு பேரையும் கூப்பிடுது, ரெண்டு பேரும் ஏற மாட்டேங்கறாங்க. வாழப்பழம் ஒண்ணு ரோட்ல விழுது, செக்கர் அத எடுத்துத் தொடச்சி, ஓடிப் போயி தட்டுல வெச்சிட்டு மறுபடி பின்னாடி போயிடறாரு. அதப் படிச்சி நானே சிரிச்சேன். ஆனா நான் எறங்கலடா. மிச்ச டிக்கெட்டப் பாத்துக்கிட்டு அதே பஸ்ல கடலூர் வந்து சேந்தேன். திரும்பிக் கூடப் பாக்கல. என் மூஞ்சிய மாட்டிக்கிட்டு எவனோ ஒரு நல்லவன் உன் கதையில டிக்கெட் இல்லாமப் போறான், அத எப்படி விடறது? உடனே தட்டினேன். "இது பொய். அன்று செக்கர் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் நேராகக் கடலூர் போனார்." நீ பதிலுக்கு ஒரே ஒரு வரி போட்டே. "ஐயா, நீங்க அந்த பஸ்ல இருந்தீங்களா?" அதுக்கப்புறம் ரொம்ப நாளு நான் அந்த சென்டர் பக்கமே போவல.

போன வருஷம் பொங்கலுக்கு மாமா வந்தான் பாரு, அன்னைக்கு உங்கம்மாவுக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. பை நிறைய முந்திரி கொண்டாந்து குடுத்துட்டு, "எப்படி இருக்கீங்க மாமா"ன்னு என் பக்கத்துலயே உக்காந்துட்டான். எனக்கு சந்தோஷத்த விட சந்தேகம்தான் முன்னாடி வந்துச்சு. இத்தனை வருஷம் கழிச்சி எதுக்கு வரான்? நெலம் ஏதாச்சும் தகராறா, கையெழுத்து எதனா வேணுமா? சாப்பிடும்போது என்ன அப்பப்ப பாத்து அவனா சிரிச்சிக்கிறான். "வந்தவன எதயாச்சும் நோண்டிக் கேட்டீங்க, நான் மனுஷியா இருக்க மாட்டேன்"னு உங்கம்மா அடுப்படியில வெச்சி எங்கிட்டச் சொன்னா. கேக்கல. ஆனா மனசுக்குள்ள அரிச்சிக்கிட்டே இருந்துச்சு.

இப்ப உன் பதிப்பாளருக்கு வரேன். நீ அந்த மனுஷனப் பத்தி ஆஹா ஓஹோன்னு சொன்னதும், நேர்ல பாத்துட்டு வரலாம்னு போன வாரம் சிதம்பரம் கெளம்பிட்டேன். யாருகிட்டயும் சொல்லல. மேல வீதி பக்கம் ஒரு சந்துல, மாடிப்படிக்குக் கீழ அவரு ஆபீஸ். நான் யாருன்னு சொல்லாம, காதணி விழா பத்திரிகை அடிக்கணும்னு சொல்லி உக்காந்தேன். படிக்குக் கீழ கட்டுப் பிரிக்காத புஸ்தகம் கூரை வரைக்கும் அடுக்கியிருந்துச்சு. "என்னங்க இது, விக்காதா?"ன்னு கேட்டேன். "அது கவிதைங்க சார்"னாரு. அப்புறம், எழுத்து எப்படி விழும்னு சாம்பிள் காட்டறேன்னு, அச்சுக்குப் போவ இருந்த உன் புத்தகத்தோட தாளத்தான் எடுத்து நீட்டினாரு.

மனுஷன் தொழில் தெரிஞ்சவருதான், ஒத்துக்கறேன். "நெட்ல சிரிக்கறது வேற, புஸ்தகத்துல சிரிக்கறது வேற சார்"னாரு. நெட்ல ஒவ்வொரு பதிவும் தனியா வருது, அதனால அலாரத்தப் பத்தி ஒவ்வொரு தடவையும் சொல்லலாம், புஸ்தகத்துல ஒரு தடவைதான் சொல்லணுமாம். சிரிக்கற பொம்மை எல்லாம் எடுத்தாச்சாம். பொம்மை போட்டு சிரிக்க வெச்ச எடத்துல எல்லாம் உன்ன மறுபடி எழுத வெச்சாராம். இதுவரைக்கும் சரி. அப்புறம் ஒண்ணு சொன்னாரு. "புதுமையா ஒண்ணு பண்றோம் சார். ஒவ்வொரு கதைக்கும் அடியில, ஜனங்க எழுதின பின்னூட்டத்தயும் சின்ன எழுத்துல போடறோம். அதுலயும் கடைசி சீட்னு ஒருத்தரு இருக்காரு பாருங்க, ஆளு வெஷம். அவருதான் இந்த புக்குக்கே ஸ்டாரு. யாருன்னே தெரியல, வெளியீட்டுக்கு வந்தாருன்னா மேடையில ஏத்தி சால்வை போடுவேன்." நான் மாமா கதைய எடுத்துப் பாத்தேன். அடியில, என் வரி. 'இது பொய். அன்று செக்கர் இறங்கவில்லை.' பத்திரிகைக்கு அப்புறம் வரேன்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தும் உங்கம்மா கிட்ட ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலையில அண்ணாகிராமத்துக்கு பஸ் ஏறினேன். புஸ்தகம் வருது, அதுல நீ இருக்கேன்னு நானே சொல்லிடறது மேலுன்னு தோணிச்சி. என் காலு மாமா வீட்டு வாசல மிதிச்சி எத்தனை காலம் ஆச்சு. தோட்டத்துல கையில எண்ணெயத் தடவிக்கிட்டு பலாப்பழம் அறுத்துக்கிட்டிருந்தான். "மாமா, வாங்க வாங்க"ன்னு கையக் கூடத் தொடைக்காம எந்திரிச்சான். நான் நின்ன வாக்குலயே, "மச்சான், பையன் அந்த பஸ் கதைய புஸ்தகமா போடப் போறான். உனக்கு மனசு கஷ்டம்னா வேணாம்னு சொல்லிடறேன்"னேன்.

அவன் சிரிச்சான். "அது எனக்கு எப்பவோ தெரியும் மாமா. எம் பொண்ணு காலேஜ்லேர்ந்து அந்தக் கதைய மட்டும் தாள்ல எடுத்தாந்து படிச்சிக் காட்டிச்சி. மொதல்ல எனக்குக் கோவம்தான். கடைசி பக்கம் வந்ததும் முடியல மாமா, எம் மாமியா முன்னாடியே அழுதுட்டேன்"னான். "நீங்க பின்னாடியே நடந்து வந்தீங்கன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. நான்தான் திரும்பியே பாக்கலையே. தெரியாம இத்தனை வருஷம் அக்காவ வேற அழ வெச்சிட்டேன். அதான் பொங்கலுக்கு வந்தேன்."

தம்பி, ஒரு வார்த்தை சொன்னா போதும், அது பொய்னு. இன்டர்நெட்ல தட்டின அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அவன் ஆசையா கேட்டான், "எதுவரைக்கும் மாமா வந்தீங்க?" நான் சொன்னேன். "அந்தப் பெரிய புளியமரம் இல்ல, அதுவரைக்கும் வந்தேன் மச்சான். அங்க கொஞ்சம் நெழல்ல நின்னுட்டு, அப்புறம் பஸ் ஏறிட்டேன்."

அறுத்துக்கிட்டிருந்த கத்தி நின்னுச்சு. "அந்த மரத்த ரோடு அகலம் பண்ணப்பவே வெட்டிட்டாங்களே மாமா. நான் நடந்த அன்னைக்கு அங்க வெறும் வெயில்தான்"னான்.

வேலையில இருந்த காலம் முழுக்க தினம் அந்த ரோட்ல போனவன் நான். மரம் வெட்டினது எனக்குத் தெரியாதா? பதட்டத்துல, பஸ் நிக்காத ஸ்டாப்பச் சொல்லிட்டேன். அவன் என்ன நிமிந்து பாத்தான். நான் எத்தனையோ பேரப் பாத்த அதே பார்வை. எனக்கு வேர்க்குது, சட்டைப் பையத் தடவறேன், அங்க என்ன இருக்கு? அப்புறம் குனிஞ்சி சொளைய எடுத்துக்கிட்டே, "வேற மரமா இருக்கும் மாமா. அந்த ரோட்ல எத்தனை மரம்"னான். உள்ள பாத்து, "மாமாவுக்குத் தட்டு கொண்டா"ன்னு கொரல் குடுத்தான். நான் சாப்பிட்டேன். இனிப்பா இருந்துச்சான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

அவனுக்குத் தெரிஞ்சிடுச்சிப்பா. தெரிஞ்சேதான் விட்டான். பஸ் பூரா பாத்துக்கிட்டிருக்க நான் அவன விடல, கேக்க ஆளில்லாத தோட்டத்துல அவன் என்ன விட்டுட்டான். இத எழுதும்போது எனக்கு வெக்கமா இருக்கு, ஆனா நெஞ்சு லேசாவும் இருக்கு. நீ சிரிக்க வெக்கறதுக்காக எழுதின பொய்யில ஏறித்தான் உங்கம்மாவோட தம்பி வீடு வந்து சேந்திருக்கான். நீ இன்னும் நெறைய எழுதுவே, ஒண்ணே ஒண்ணுதான் எனக்குச் சொல்லத் தோணுது. எவனையாச்சும் கீழ தள்ளி ஜனங்கள சிரிக்க வெச்சீன்னா, அவன் பின்னாடி கொஞ்ச தூரம் நடந்து வர ஒரு ஆளயும் எழுது. நெசத்துல அப்படி யாரும் வரலன்னாலும் எழுது.

அதனால கதையப் போடு. ஒரு எழுத்தக் கூட மாத்தாத. அந்த வாழப்பழம், ரெண்டு பேரும் ஏறாத பஸ், எல்லாம் அப்படியே இருக்கட்டும். ஆனா அடியில இருக்கற அந்தப் பின்னூட்டத்த மட்டும் எடுத்துடு. மாமா பொண்ணு புஸ்தகத்த வரி விடாம அப்பாவுக்குப் படிச்சிக் காட்டும். இப்ப அவன் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கான். அச்சுல ஏத்தி ஊரு முன்னாடி வெச்சிட்டா, அவன் அப்படி இருக்க முடியாது. இதச் சொல்லத்தான் நான் யாருன்னு உங்கிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு. உங்கம்மாவுக்கு இது எதுவும் தெரிய வேணாம்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கு. "ஐயா, நீங்க அந்த பஸ்ல இருந்தீங்களா"ன்னு நீ அன்னைக்குக் கேட்டியே, அது தெரியாமக் கேட்ட கேள்வியா? நான் எறங்கலன்னு உனக்குத் தெரிஞ்சேதான் எறங்க வெச்சியா? ஞாயித்துக்கிழமை போன்ல கேட்டதும் மாமாவுக்காகத்தானா, இல்ல என் வாயப் புடுங்கவா? ரெண்டு அலாரத்தயும் பாய்லேர்ந்து பாத்துக்கிட்டிருந்த பயல் நீ. பதில் எழுதாத, எழுதினாலும் நான் நம்பப் போறதில்ல.

வெளியீட்டுக்கு மாமாவும் நானும் ஒரே பஸ்லதான் வரோம். முன்னாடியே டிக்கெட் எடுத்துடுவேன். மேடையில உன் பதிப்பாளரு சால்வையக் கையில வெச்சிக்கிட்டு, கடைசி சீட் ஐயா எங்கன்னு கண்டிப்பா கேப்பாரு. அவரு காரைக்காட்டுலயே எறங்கிட்டாரு, பின்னாடி நடந்து வந்துக்கிட்டிருக்காருன்னு சொல்லு.

அப்பா